பாட்டியின் குரலுக்கு ஒரு பலகை

வானொலியில் சேர்ந்ததும் எங்களுக்கு முதலில் சொல்லித்தருவது, ஒலிபரப்பில் மௌனம் விழக்கூடாது என்பதைத்தான். சில வினாடிகள் சத்தமே இல்லாமல் போனால் கட்டுப்பாட்டு அறையில் சிவப்பு விளக்கு எரியும், தொலைபேசி அலறும். பன்னிரண்டு ஆண்டுகளாக மௌனத்தை விரட்டியே சம்பளம் வாங்கும் நான், சென்ற ஆண்டு ஆறு மாதம் மௌனத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். காரணம் ஒரு கேசட்.

சிங்கப்பூரில் இருந்த பெரிய மாமா காலமான பிறகு, அத்தை அவருடைய பொருள்களை எடுத்து வைத்தபோது ஒரு மைலோ டின் அம்மாவின் கைக்கு வந்து சேர்ந்தது. உள்ளே சில கடிதங்கள், ஓடாத கைக்கடிகாரம், ஓர் அறுபது நிமிடக் கேசட். கேசட்டின் மேல் நீல மையில் "அம்மா - 1984" என்று மாமா எழுதியிருந்தார்.

அப்போதெல்லாம் கேசட்டும் ஒரு கடிதம்தான். எங்கள் பாட்டிக்கு எழுதத் தெரியாது. கெடாவில், சுங்கைப்பட்டாணிக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன மகனுக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் யாரோ ஒருவருடைய டேப் ரெக்கார்டர் முன்னால் உட்கார்ந்து பேசி அனுப்பியிருக்கிறார். பாட்டி இறந்தபோது எனக்கு இரண்டு வயது. அவர் குரல் எனக்கு நினைவில்லை. அம்மாவோ அந்தக் குரலைக் கேட்டு முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது.

"இன்னிக்கு ராத்திரியே கம்ப்யூட்டர்ல ஏத்திடுறேன்மா" என்று பெருமையாகச் சொன்னேன். ஊடகப் படிப்பில் பட்டம் பெற்றவள், தினமும் ஒலிவாங்கியோடு வாழ்கிறவள். இது என்ன பெரிய வேலை?

நிலையத்தில் கேசட் கருவிகளை எப்போதோ அகற்றிவிட்டார்கள். வீட்டில் இருந்த பழைய கேசட் பெட்டியைத் துடைத்து, ஒரு மலிவான யூஎஸ்பி ஒலிக் கருவி வழியாக மடிக்கணினியில் இணைத்துப் பதிவு செய்தேன். பாட்டி ஒலிவாங்கிக்குச் சற்றுத் தள்ளி உட்கார்ந்து, கூச்சத்தோடு மெல்லப் பேசியிருக்கிறார். அந்த மெல்லிய குரலுக்குக் கீழே "ம்ம்ம்" என்று ஒரு முனகல். மேலே "ஙீ" என்று ஒரு ஊசிச் சத்தம்.

அம்மாவுக்கு வயது 66. காது இப்போது சற்று மந்தம். ஹெட்ஃபோனை மாட்டிவிட்டேன். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு, "ஏதோ பூச்சி கத்துற மாதிரி இருக்கு. எங்கம்மா எங்கடி?" என்றார்.

மென்பொருளில் இரைச்சலை நீக்கிப் பார்த்தேன். ஊசிச் சத்தம் ஒரே மாதிரி இல்லாமல் ஏறி இறங்கியது. அதைத் துரத்தித் துரத்தி அழித்ததில் பாட்டியின் குரல் தண்ணீருக்கடியில் பேசுவதைப்போல் ஆகிவிட்டது. மீண்டும் மீண்டும் கேசட்டை ஓட்டவும் பயம். நாற்பதாண்டு நாடா அது. ஓடும்போதெல்லாம் கொஞ்சம் தேயும், ஒரு நாள் சிக்கிக்கொண்டால் அதோடு முடிந்தது.

தம்பிக்குத் தொலைபேசியில் அழைத்தேன். பினாங்கில் மின்னணு நிறுவனம் ஒன்றில் சர்க்யூட் போர்டு வடிவமைப்பவன் அவன். புக்கிட் மெர்தாஜாமில் அவன் வீட்டில்தான் அம்மா இருக்கிறார்.

"லேப்டாப் சார்ஜரைக் கழட்டிட்டுக் கேளுக்கா" என்றான். வேறொரு கேசட்டைப் போட்டு அப்படியே செய்தேன். முனகல் சட்டென்று நின்றது. "அது சுவர்ல வர்ற கரண்டு, 50 ஹெர்ட்ஸ். சார்ஜர் வழியா வந்துச்சு. இப்போ அந்த ஙீ இருக்கா?" இருந்தது. "அது எத்தனை ஹெர்ட்ஸ்னு பாரு." மென்பொருளில் பார்த்தேன். சரியாக 1,000.

தம்பி சிரித்தான். "பூச்சி இல்லக்கா. அது யூஎஸ்பி."

அடுத்த வாரம் வடக்கே போனபோது சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து விளக்கினான். இத்தகைய சாதாரண யூஎஸ்பி ஒலிக் கருவிகள் கணினியோடு வினாடிக்கு 1,000 முறை பேசுகின்றன. ஒவ்வொரு முறை பேசும்போதும் ஒரு மிடறு மின்சாரத்தை இழுக்கின்றன. அந்த மிடறுகளால் மின்வழங்கல் கம்பி வினாடிக்கு 1,000 முறை லேசாக நடுங்குகிறது. மனிதக் குரலின் நடுமையத்தில் விழும் எண் அது. பாட்டியின் குரலை எண்ணாக மாற்றும் சிப்புக்கு அந்த நடுக்கமும் ஒரு குரல்தான்.

அந்தச் சிப்புக்குப் பெயர் அனலாக்-டிஜிட்டல் மாற்றி. ஒலிவாங்கியிலிருந்தோ கேசட்டிலிருந்தோ வருவது தொடர்ந்து ஏறி இறங்கும் ஒரு மின்னழுத்தம். மாற்றி அதை வினாடிக்கு 48,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாக எழுதுகிறது. 1937-இல் பாரிஸில் வேலை செய்துகொண்டிருந்த அலெக் ரீவ்ஸ் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் யோசித்த வழி இது. குரலை அப்படியே அனுப்பினால் வழியெல்லாம் இரைச்சல் சேர்கிறது, எண்ணாக்கி அனுப்பினால் எண்ணில் இரைச்சல் ஒட்டாது என்பது அவர் கணக்கு. மறு ஆண்டு பிரான்சில் காப்புரிமை பெற்றார். இன்று நான் "வணக்கம்" சொன்னால் அது உங்கள் வீட்டுக்கு வருமுன் எண்ணாகிவிடுகிறது. தேர்வில் இதை எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். எண்ணாக மாறுவதற்கு முந்திய கடைசி சில சென்டிமீட்டர் தூரத்தில்தான் எல்லா ஆபத்தும் இருக்கிறது என்பதை எந்தப் பாடமும் எனக்குச் சொல்லவில்லை. அங்கே புகுந்த இரைச்சல் எண்ணோடு எண்ணாக எழுதப்பட்டுவிடும்.

"அப்போ 24 பிட் வாங்கினா சரியாயிடுமா?" என்று கேட்டேன். ஒலிப்பதிவுக் கடைகளில் அதைத்தான் பெரிய எழுத்தில் போடுகிறார்கள்.

தம்பி ஒரு தாளில் கணக்குப் போட்டான். 16 பிட் என்றால் 65,536 படிகள். 24 பிட் என்றால் 1 கோடியே 67 லட்சத்துக்கும் மேல். 5 வோல்ட்டை அத்தனை படிகளாக்கினால் ஒரு படியின் உயரம் ஒரு வோல்ட்டில் முப்பது லட்சத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. அவ்வளவு சிறியதை யாரால் அளக்க முடியும்? நல்ல ஒலி மாற்றிகள்கூட நடைமுறையில் 20 பிட் அளவுக்குத்தான் உண்மையாக அளக்கின்றன. மீதி சிப்பின் சொந்த இரைச்சல்.

"உன் கேசட்டுக்கு 16 பிட்டே அதிகம்" என்றான். 16 பிட்டில் மிகப் பெரிய சத்தத்துக்கும் அடிமட்ட இரைச்சலுக்கும் இடையே 98 டெசிபெல் இடைவெளி கிடைக்கும். சாதாரணக் கேசட்டில் அந்த இடைவெளி 50, 60தான். "பிட்டு பிரச்சினை இல்லக்கா. சிப்பைச் சுத்தி இருக்கிற அக்கம்பக்கம்தான் பிரச்சினை."

நல்ல ரெக்கார்டர் ஒன்றை வாங்கியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். தம்பியும் அதை ஒப்புக்கொண்டான். ஆனால், "பத்து வருசமா யார் யாரோட மெஷினுக்கோ போர்டு வரையறேன். பாட்டிக்கு ஒண்ணு வரையறேனே" என்றான். அதற்கு மேல் நான் பேசவில்லை.

முதல் பலகை ஒரு மாதத்தில் வந்தது. கணினியில் வரைந்து சீனாவுக்கு அனுப்பினால் அச்சிட்டு ஐந்து பலகைகளாக அனுப்பிவிடுகிறார்கள். தம்பி அதில் சிப்பு, கெப்பாசிட்டர் எல்லாவற்றையும் வைத்து ஈயம் பற்றவைத்தான். கேசட் பக்கத்தைக் குட்டையாக இணைத்துவிட்டான், அதாவது எந்தச் சத்தமும் உள்ளே போகாது. "இப்போ மௌனத்தைப் பதிவு பண்றோம். அதுல என்ன கேக்குதோ அதெல்லாம் என் தப்பு" என்றான்.

வானொலியில் நாங்களும் இதைச் செய்வோம். ஓர் இடத்தில் பேட்டி எடுத்து முடித்ததும் யாரும் பேசாமல் அரை நிமிடம் பதிவு செய்துகொள்வோம். அதனால் ஹெட்ஃபோனை நான் மாட்டிக்கொண்டேன். ஒலியை முழுக்க உயர்த்தினேன். வெகு தூரத்தில், ஆனால் தெளிவாக, அதே பூச்சி.

தம்பியின் முகம் வாடிவிட்டது. மூன்று நாள் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகுதான் தவறு பிடிபட்டது. அவன் வழக்கமாக வரைவது எண் மட்டும் ஓடும் பலகைகள். குரலும் எண்ணும் சேர்ந்து வாழும் பலகை இதுதான் முதல் முறை. பழைய பாடம் ஒன்றை நம்பி, பலகையின் அடியில் விரிந்திருக்கும் செம்புத் தகட்டை - அதைத்தான் கிரவுண்ட் என்கிறார்கள் - இரண்டாக வெட்டியிருக்கிறான். ஒரு பாதி குரலுக்கு, மறு பாதி எண்ணுக்கு. இரண்டையும் ஒரே இடத்தில் ஒரு சிறு பாலத்தால் இணைத்திருக்கிறான். இரண்டு குடும்பம், நடுவில் சுவர், ஒரே வாசல். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது.

ஆனால் மின்சாரம் ஒரு வழிப் பயணம் இல்லை. புறப்பட்ட இடத்துக்கு அது திரும்பியே ஆகவேண்டும். மேலே ஒரு கம்பித் தடத்தில் போகும் வேகமான மின்னோட்டம், அடியிலுள்ள செம்பில் அதே தடத்துக்கு நேர் கீழாகவே திரும்ப விரும்பும். தம்பியின் பலகையில் சில எண் தடங்கள் அந்த வெட்டைத் தாண்டிப் போயிருந்தன. மேலே தடம் தாண்டிவிட்டது, கீழே திரும்பும் மின்சாரத்துக்குப் பாதை இல்லை. அது வெட்டின் ஓரமாகவே சுற்றிக்கொண்டு போய், அந்த ஒரே பாலத்தில் ஏறித் திரும்பியிருக்கிறது. பாலத்தையோ குரல் நுழையும் இடத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தான். ஊர்க்கூட்டமெல்லாம் படுக்கையறை வழியாகப் போனால் யார் தூங்க முடியும்?

மாற்றி எந்த மின்னழுத்தத்தையும் அந்தச் செம்புத் தரையை வைத்துத்தான் அளக்கிறது. தரையே ஆடினால்? படகில் நின்றுகொண்டு, கரையில் நிற்கும் பிள்ளையின் உயரத்தை அளப்பதைப்போல்தான். பிள்ளை அசையாமல்தான் நிற்கிறது. நம் அளவு ஏறி இறங்குகிறது.

அன்றிரவு தம்பி ஒரு செம்பு நாடாவைத் துண்டாக நறுக்கி, அந்தத் தடங்களுக்கு நேர் கீழே வெட்டின் மேல் வைத்துப் பற்றவைத்தான். நான் ஹெட்ஃபோனோடு உட்கார்ந்திருந்தேன். ஒரு துண்டு வைத்தான், பூச்சி விலகியது. இன்னொன்று வைத்தான், இன்னும் தூரம் போனது. அவனுடைய திரையிலுள்ள வரைபடம் மாறுவதற்குள் என் காது சொல்லிவிட்டது. பன்னிரண்டு ஆண்டு வானொலி வேலை ஒரு பொறியாளனுக்கு உதவிய ஒரே இரவு அது.

வெட்டுவதைவிட இடம் பார்த்துக் குடியமர்த்துவதே மேல் என்பது இத்துறையின் பெரியவர்கள் பலகாலமாகச் சொல்லிவரும் பாடம். ஹென்றி ஆட் என்ற அமெரிக்க மின்காந்த நிபுணர், தரையைப் பிளக்காமல் ஒன்றாக விட்டு, குரல் சம்பந்தப்பட்டதை ஒரு பக்கமும் எண் சம்பந்தப்பட்டதை மறு பக்கமும் வைத்து, ஒன்றின் தடம் மற்றொன்றின் எல்லைக்குள் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று எழுதியிருக்கிறார். அப்படி வைத்தால் எண்களின் மின்சாரம் தன் பக்கத்திலேயே போய்த் தன் பக்கத்திலேயே திரும்பும். அதைத் தடுக்கச் சுவரே வேண்டாம்.

இரண்டாவது பலகையை அப்படித்தான் வரைந்தான். நான்கு அடுக்கு. அதில் ஓர் அடுக்கு முழுவதும் வெட்டில்லாத செம்புத் தரை. ஒரு கோடியில் கேசட் நுழையும் துளை, மறு கோடியில் யூஎஸ்பி, எல்லையில் மாற்றி.

அடுத்தது மின்வழங்கல். சிப்பு ஒவ்வொரு கணமும் திடீர் திடீரென்று மின்சாரம் கேட்கும். அது தூரத்திலிருந்து வந்து சேர்வதற்குள் மின்னழுத்தம் தாழ்ந்துவிடும். அதற்காக ஒவ்வொரு மின்காலுக்கும் ஒட்டினாற்போல ஒரு சிறு கெப்பாசிட்டர் வைக்கிறார்கள். நீர் விநியோகத் தடையில் அடிபட்ட கிள்ளான் பள்ளத்தாக்குக்காரி நான், எனக்கு உடனே புரிந்தது. கூரைமேல் தொட்டி இருந்தாலும் குளியலறையில் ஒரு வாளி நிறைந்திருக்க வேண்டும். முதல் பலகையில் அந்த வாளி ஒன்று இரண்டு சென்டிமீட்டர் தள்ளி இருந்தது. "ரெண்டு சென்டிமீட்டர்தானே?" என்றேன். "சிப்புக்கு அது பக்கத்து ஊரு" என்றான்.

குரல் வரும் பாதையில் வைக்கும் கெப்பாசிட்டரிலும் சாதி பார்க்க வேண்டுமாம். மலிவான பீங்கான் வகைகள் சில, மின்னழுத்தம் மாறும்போது தங்கள் கொள்ளளவை மாற்றிக்கொண்டு குரலைத் திரிக்கும். தட்டினால் ஒலிவாங்கிபோல் சத்தம்கூடக் கொடுக்கும். அதனால் விலை கூடினாலும் மாறாத வகையையே போட்டான்.

பலகை வந்த அன்று பற்றவைத்து மின்சாரம் கொடுத்தான். உயிரே இல்லை. இரவு பதினொன்று வரை சோதித்தான். அம்மா தூங்கப் போகாமல் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"இங்கே கொடுடா" என்றார்.

இங்கே அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1972-இல் பினாங்கு பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக மண்டலம் தொடங்கிய பிறகு, தோட்டங்களிலிருந்தும் கம்பங்களிலிருந்தும் ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் அங்குள்ள மின்னணுத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போனார்கள். அம்மா 1979-இல் போனார். தோழிகளோடு ஒரு வாடகை அறை, சுழல்முறை வேலை. பாலம் 1985-இல்தான் திறந்தது. அதுவரை பட்டர்வொர்த்துக்கு ஃபெர்ரி ஏறித்தான் தோட்டத்துக்கு வருவார். எட்டு மணி நேரம் நுண்ணோக்கியில் கண்ணை வைத்துச் சிப்புக்கும் அதன் கால்களுக்கும் தங்கக் கம்பி இணைப்பது அவர் வேலை. தலைமுடியில் மூன்றில் ஒரு பங்கு தடிமன்கூட இல்லாத கம்பி அது. அந்தச் சிப்பு எதற்குப் பயன்படும் என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

அம்மா தம்பியின் பூதக்கண்ணாடி விளக்கை இழுத்து, பலகையை லேசாகச் சாய்த்துப் பார்த்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"இந்த ரெண்டு காலும் ஒட்டிக்கிட்டு இருக்கு பாரு. மூணாவது கால்ல ஈயமே பிடிக்கல."

தம்பி குனிந்து பார்த்தான். அப்படியேதான் இருந்தது. அவன் எதுவும் பேசாமல் அம்மா கையில் சோல்டரிங் இரும்பைக் கொடுத்தான். "கை நடுங்கும்டா" என்று அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, விளக்கை மட்டும் பிடித்துக்கொண்டார்.

சரிசெய்த பிறகு மறுபடியும் மௌனத்தைப் பதிவு செய்தோம். ஒலியை உச்சத்துக்கு உயர்த்தினேன். மழை ஓய்ந்த பிறகு தூரத்தில் கேட்பதுபோல் ஒரு மெல்லிய, சமமான இரைச்சல். பூச்சி இல்லை. வாழ்க்கையில் முதல்முறையாக, ஒன்றுமே இல்லாததைக் கேட்டு எனக்குக் கண் கலங்கியது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கேசட்டைப் போட்டோம். பதிவாகும்போதே அம்மா கேட்கட்டும் என்று ஹெட்ஃபோனை அவரிடம் கொடுத்துவிட்டேன். நான் மடிக்கணினித் திரையில் அலைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவின் முகம் மாறியது. முதலில் சிரித்தார். "மழையைப் பத்திப் பேசுது. பால் வெட்ட முடியலையாம்" என்றார். பிறகு வெகுநேரம் எதுவும் சொல்லவில்லை. ஒரு கட்டத்தில் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

பிறகு நானும் கேட்டேன். பாட்டியின் குரல் நான் நினைத்ததுபோல் கம்மியதாக இல்லை. ஓரத்தில் லேசான கரகரப்போடு, வார்த்தையின் கடைசியை இழுத்துப் பேசும் குரல். அம்மாவும் அப்படித்தான் இழுப்பார். மகனிடம் ஊர்க்கதையெல்லாம் சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொல்கிறார்: "சின்னவ பினாங்கிலேருந்து வந்தா கண்ணைக் கண்ணைத் தேச்சிக்கிறா. கேட்டா ஒண்ணுமில்லங்கிறா. நீதான்யா அவகிட்ட எழுதிக் கேக்கணும். வேலையை விட்டுட்டு வரச் சொல்லு, இங்கே கஞ்சி இருக்கு."

முதல் பதிவில் இந்த இடம் முழுக்கப் பூச்சிச் சத்தத்தில் மூழ்கியிருந்தது.

"எனக்குக் கண்ணு வலிச்சது அம்மாவுக்குத் தெரியாதுன்னு நெனச்சேன்" என்றார் அம்மா. "நான் சொல்லவே இல்லையே." 41 ஆண்டுகள் கழித்து வந்து சேர்ந்த பதில் அது.

கேசட்டுக்கே உரிய "ஸ்ஸ்" என்ற இரைச்சல் இன்னும் இருக்கிறது. அதையும் எடுத்துவிடவா என்று தம்பியைக் கேட்டேன். "வேண்டாம்க்கா. அது நாடாவோடது. நம்மளோடதை எடுத்தாச்சு, அது போதும்" என்றான்.

பாட்டி பேசி முடித்த பிறகும், யாரும் ரெக்கார்டரை நிறுத்தத் தெரியாமல் இருந்திருக்கிறார்கள். ஏறக்குறைய நாற்பது வினாடிகள். ஒரு கோழி கேறுகிறது. யாரோ நாற்காலியை நகர்த்துகிறார்கள். பாட்டி மூச்சு விடுகிறார். வேலைப் பழக்கத்தில் அந்த இடத்தை வெட்டக் கை போனது. ஒலிபரப்பில் நாற்பது வினாடி மௌனம் என்றால் அது விபத்து.

வெட்டவில்லை. அம்மா அந்த நாற்பது வினாடிகளைத்தான் அதிகம் கேட்கிறார்.